நான்காவது பெயர்

ஜூலை 3, திங்கள்

தேதி மறந்துபோகிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

சனிக்கிழமை மாலை என் கணவர் சேர்மராஜ் பள்ளியிலிருந்து பைக்கில் வரும்போது நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தார். நாய் தப்பித்துவிட்டது. இவருக்கு இடது தொடை எலும்பு, இடுப்புக்குச் சற்றுக் கீழே முறிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ஆண்கள் எலும்பு முறிவு வார்டு, பதினைந்தாம் படுக்கை. காலில் கயிறு கட்டிக் கட்டிலின் கால்மாட்டில் எடைக்கல் தொங்கவிட்டிருக்கிறார்கள். கம்பி வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை அசையக்கூடாது. பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட பி.டி. வாத்தியார் மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

என் கல்லூரியில் ஒரு வாரம் விடுப்பு கேட்டேன். மூன்று நாள் கொடுத்தார்கள், அதற்கு மேல் எடுத்தால் சம்பளம் கிடையாதாம். ஆபரேட்டிங் சிஸ்டம் மூன்றாம் யூனிட்டை முடித்து, பதினைந்தாம் தேதிக்குள் வினாத்தாளும் தர வேண்டுமாம்.

வார்டு சிஸ்டர் ரெஜினா விவரம் சொன்னார். ஆபரேஷன் நாள் திங்கள், புதன், வெள்ளி. தியேட்டரில் டேபிள் இரண்டு. முந்தின நாள் மாலை ஆறு பேர் லிஸ்ட் வரும். பெயர் இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டோடு சரி, விடிந்த பிறகு தண்ணீரும் கிடையாது.

"ஆக்சிடென்ட் கேஸ் வந்தா அதத்தான் மொதல்ல எடுப்பாங்க. வரலைன்னா நாலஞ்சு பேரு முடிஞ்சிரும்."

"வராத நாள் உண்டா சிஸ்டர்?"

"பைபாஸ் ரோடு போட்டதுலருந்து இல்ல."

பதினான்காம் படுக்கையில் இருதயராஜ். ஐம்பத்திரண்டு வயது, மைக் செட் போடுகிறவர். கோயில் கொடைவிழாவுக்குக் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது விழுந்திருக்கிறார். என் கணவருக்கு உடைந்த அதே இடம். வந்து பதினோரு நாள் ஆகிறது. மூன்று முறை லிஸ்டில் பெயர் வந்து மூன்று முறையும் ஒத்திப்போயிருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பவுலின் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், லீவு தரவில்லையாம்.

பிளாஸ்டிக் வாளி, சொம்பு, கொசுவலை வாங்க வேண்டும்.

ஜூலை 5, புதன்

லிஸ்டில் இருதயம் ஐந்தாவது, இவர் ஆறாவது. காலை ஆறு மணிக்கே இருவருக்கும் பச்சை கவுன் மாட்டிவிட்டார்கள். ஒன்பதரைக்கு ஒரு வேன் விபத்து. மதியம் ஒன்றரைக்கு சிஸ்டர் வந்து, "இன்னைக்கு அவ்வளவுதான், சாப்பிடக் குடுங்க" என்றார்.

காலையில் கட்டிவந்த இட்லி கல்லாகியிருந்தது. இவர் பேசாமல் சாப்பிட்டார். இருதயம்தான் பேசினார்.

"தவசு காலத்துல ஒருசந்தி விரதம் இருந்தா ஈஸ்டரோட முடிஞ்சிரும் டீச்சர். இந்த ஒருசந்திக்கு ஈஸ்டர் எப்பன்னு யாருக்கும் தெரியல."

இவர் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு முதல் சிரிப்பு.

ஜூலை 6, வியாழன்

நாளைய லிஸ்டில் இருவர் பெயரும் இல்லை. சிஸ்டர், "ரத்தம் ரெடின்னு பிளட் பேங்க் சீட்டு வந்தாத்தான் லிஸ்ட்ல போடுவாங்க. போன தடவ ஒதுக்கி வெச்சது தேதி தாண்டிப்போச்சு" என்றார்.

பிளட் பேங்க் போனேன். கண்ணாடி போட்ட அம்மா சொன்னார்: "லிஸ்ட்ல பேரு இருந்தாத்தான் ரத்தம் ஒதுக்குவோம். சும்மா ஒதுக்கி வெச்சா கெட்டுப்போகுமே."

"லிஸ்ட்ல போடறதுக்கே உங்க சீட்டு வேணுங்கறாங்க."

"அவங்க ரூல் அது. எங்க ரூல் இது."

மேலும் கீழும் மூன்று முறை போய்வந்தேன். இதைத்தான் நான் வகுப்பில் டெட்லாக் என்று நடத்துகிறேன். ஒருவன் கையில் இருப்பது மற்றவனுக்கு வேண்டும், மற்றவன் கையில் இருப்பது இவனுக்கு வேண்டும். யாரும் விடமாட்டார்கள். யார் மேலும் தப்பு இல்லை. அப்படியே நிற்பார்கள்.

நான்காவது முறை, "நான் ரத்தம் குடுத்தா சீட்டு தருவீங்களா?" என்று கேட்டேன். தருவாராம். ஒருவர் கொடுத்தால் ஒரு நோயாளிக்குத்தான். இவருக்கு ரத்தம் கொடுக்க என் தம்பியை வரச்சொல்லியிருந்தேன். அதனால் என் ரத்தத்துக்கான சீட்டில் இருதயராஜ் என்று எழுதச் சொன்னேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் கொடுத்தார்கள்.

இருதயத்திடம் சீட்டைக் காட்டியபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இனி எங்கூடப் பொறந்தது ரெண்டு பேரு" என்றார்.

ஜூலை 8, சனி

கல்லூரிக்குப் போனேன். மூன்றாம் யூனிட். பட்டினி என்ற பகுதி. புத்தகத்தில் ஸ்டார்வேஷன் என்றுதான் இருக்கிறது. நான் எப்போதும் தமிழில் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். முன்னுரிமை உள்ள வேலைகள் வந்துகொண்டே இருந்தால், முன்னுரிமை இல்லாத வேலை காத்துக்கொண்டே இருக்கும். டெட்லாக் போல எல்லாமே நின்றுவிடாது. சிஸ்டம் நன்றாக ஓடும். அந்த ஒன்று மட்டும் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "கடைசில அதுக்கு என்ன மேம் ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. காத்திருக்கும்."

அடுத்து, காத்திருப்புக்கு வரம்பு. ஒருவர் உள்ளே போகக் கேட்டுவிட்டால், அவரைத் தாண்டி இத்தனை பேர்தான் போகலாம் என்று ஒரு எண் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதல்ல கணக்கு, எத்தனை பேர் என்பதுதான். அந்த எண் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. இருக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டது.

ஜூலை 10, திங்கள்

இருதயம் நான்காவது, இவர் ஐந்தாவது. மூன்றோடு நிறுத்திவிட்டார்கள். பைக் விபத்தில் அடிபட்டு வந்த இரண்டு பேர்.

இவர் தட்டைத் தள்ளிவிட்டார். "எனக்குப் பசிக்கல. இனிமே லிஸ்ட்ல பேரு வந்தா எங்கிட்டச் சொல்லாத." முதுகில் புண் வர ஆரம்பித்திருக்கிறது. பவுடர் போட்டுத் துடைத்தேன்.

ஒவ்வொரு முறையும் லிஸ்டைப் புதிதாக எழுதுகிறார்கள். எத்தனை முறை ஒத்திப்போனது என்று எங்கும் எழுதுவதில்லை.

மாலையில் நஸ்ரினைப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் என்னிடம் படித்தவள். தியேட்டர் ஆபீசில் காண்டிராக்டில் டைப் அடிக்கிறாள். கேன்டீனில் டீ குடித்தோம். அவள் மகன் யு.கே.ஜி. போகிறானாம்.

ஜூலை 11, செவ்வாய்

வீட்டுக்குப் போய்க் குளித்தேன். கேஸ் புக் செய்தேன். துணி காயவில்லை.

ஜூலை 12, புதன்

ஆபரேஷன் முடிந்தது.

லிஸ்டில் இவர் நான்காவது, பதினான்காம் படுக்கைக்காரர் ஐந்தாவது. நான்கு பேரோடு நிறுத்திவிட்டார்கள். பதினொன்றே காலுக்கு டிராலி வந்தது. ஒன்றரைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர் கதிரேசன். இவர் மயக்கத்தில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினான்காம் படுக்கைக்காரர் கவுனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். "ஜெயிச்சிட்டாரா வாத்தியாரு! நல்லாருக்கட்டும்" என்றார். சாப்பாடு வாங்கிவரட்டுமா என்று கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார்.

நல்ல தூக்கம் வருகிறது.

ஜூலை 13, வியாழன்

இவருக்குக் கஞ்சி. காய்ச்சல் இல்லை. வினாத்தாள் பாதி முடித்தேன்.

ஜூலை 14, வெள்ளி

பேருந்து ஒன்று கவிழ்ந்துவிட்டது. இரண்டு டேபிளும் நாள் முழுக்க அதற்கே. லிஸ்டில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை.

பதினான்காம் படுக்கைக்காரர் ஒன்றும் வேண்டாம் என்றார். "பசி செத்துப்போச்சு டீச்சர்." ஆடி பிறக்கப்போகிறதே என்று கவலைப்பட்டார். ஆடியில்தான் அவருக்கு வேலை. ஏழு அம்மன் கோயில்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாராம். "மாதா பாட்டுப் போட்டு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அம்மன் பாட்டுப் போடுவேன். ரெண்டு பேரும் கோவிச்சதில்ல."

ஜூலை 15, சனி

பதினான்காம் படுக்கைக்காரர் இறந்துவிட்டார்.

காலை பத்து மணி. நான் வினாத்தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இருமினார். நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். சிஸ்டர் ரெஜினாவைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வருவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். பத்தே முக்காலுக்கு விட்டுவிட்டார்கள். அசையாமல் கிடந்த காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதாம். பயிற்சி டாக்டர் சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

திரை இழுத்திருந்தார்கள். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வினாத்தாளைப் பதினொன்றரைக்கு மெயில் அனுப்பினேன். கடைசி நாள் இன்றுதான்.

ஜூலை 16, ஞாயிறு

பதினான்காம் படுக்கைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். முழங்கால்.

ஜூலை 17, திங்கள்

பவுலின் வந்தார். மார்ச்சுவரி வாசலில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். துப்பட்டாவில் நூல் தூசி ஒட்டியிருந்தது. சேதி நேற்று ராத்திரிதான் போய்ச் சேர்ந்ததாம், ஷிப்டிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"நீங்கதான டீச்சர்? ரத்தம் குடுத்தீங்கன்னு அண்ணன் போன்ல சொன்னான்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கூடப்பொறந்த நான் வரல. நீங்க இருந்தீங்க."

நான் ஏதோ சொன்னேன். நம்பரைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இவருக்கு ஓட்ஸ் வாங்க வேண்டும்.

ஜூலை 18, செவ்வாய்

பத்தாம் தேதி கேன்டீனில் நஸ்ரினிடம் பேசியதை எழுதவில்லை. எழுதுகிறேன்.

அவளிடம், "லிஸ்ட் நீதான டைப் அடிக்கிற?" என்று கேட்டேன். "ஆமா மேம், டாக்டர் துண்டுச்சீட்டுல எழுதித் தருவாங்க" என்றாள். "நாலுக்கு மேல போறதே இல்ல நஸ்ரின். அவருக்கு முதுகுல புண்ணு வந்துருச்சு" என்றேன். அவள் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புதுசா ஆள உள்ள கொண்டுவர முடியாது மேம். இருக்கறதுல ஒரு வரி மேல, ஒரு வரி கீழன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

நான்காவது யார் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரமாகக் காத்திருப்பவர் என்று தெரியும். அவருக்கு ஒதுக்கிவைத்திருப்பது என் ரத்தம் என்றும் தெரியும். அவருக்காகக் கேட்க ஆள் இல்லை என்றும் தெரியும். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஜூலை 19, புதன்

டாக்டர் கதிரேசனை ஓ.பி. அறையில் பார்த்தேன். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

"என்னம்மா, வீட்டுக்காரர் நடக்கறாரா?"

"வாக்கர் புடிச்சு நாலு எட்டு வெச்சாரு சார். நான் வேற ஒண்ணு கேக்க வந்தேன். லிஸ்ட்ல பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டம் போட்டு, எத்தனாவது தடவைன்னு எழுதணும் சார். மூணு தடவ ஒத்திப்போனவர நாலாவது தடவ யாரும் தாண்டக்கூடாது."

அவர் பேனாவை வைத்தார். "ரத்தம் ஒழுக வர்றவன வெளிய படுக்கப் போடச் சொல்றீங்களா?"

"இல்ல சார். அவங்க ஒரு டேபிள்ல போகட்டும். இன்னொரு டேபிள் இவங்களுக்கு."

"உயிர் போற கேஸ் ஒரே நேரத்துல ரெண்டு வந்தா?"

அதற்கு நான் பதில் எழுதிக்கொண்டு போகவில்லை. "அப்ப நீங்கதான் சார் முடிவு பண்ணணும். ஆனா யார நிறுத்தறோம், அவருக்கு இது எத்தனாவது தடவன்னு தெரிஞ்சு நிறுத்தணும். இப்ப அது ஒருத்தருக்கும் தெரியல."

தாளை வாங்கிப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரருக்குத்தான் முடிஞ்சுதே. அப்புறம் என்ன?"

"பதினாலாம் பெட்டு, சார்."

தாளை மேஜை மேல் வைத்தார். பிறகு, "முன்னாடியே பண்ணியிருந்தாலும் அந்தக் கட்டி வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்" என்றார்.

நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நஸ்ரினுக்கு வேலை போகும். அதுதான் காரணம் என்று எழுதிவைக்கிறேன். உண்மையாகவும் இருக்கலாம்.

ஜூலை 20, வியாழன்

லிஸ்டில் புதுக்கட்டம் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் படுக்கைப் பெரியவருக்கு நேராக 4 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது.

வராந்தாவில் நஸ்ரின் எதிரே வந்தாள். நின்றோம். "மேம், நான் சரியாச் சாப்பிட்டு அஞ்சு நாளாச்சு" என்றாள். அவள் கையைப் பிடித்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டாளா, மறுத்தாளா, தெரியவில்லை.

ஜூலை 21, வெள்ளி

இரண்டு விபத்து வந்தும் ஒன்பதாம் படுக்கைப் பெரியவரை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி வார்டு முழுக்க மிக்சர் கொடுத்தார். எங்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஆடி வெள்ளிப் பாட்டு.

ஜூலை 23, ஞாயிறு

இவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்தேன். நகம் வெட்டும்போது, "இருதயத்துக்குச் சர்ச்சுல திருப்பலி எப்ப? பவுலின்கிட்டக் கேளு. ஆட்டோ வெச்சாவது போகணும்" என்றார்.

"போக வேண்டாங்க."

"ஏன்?"

சொன்னேன். கேன்டீன், டீ, ஒரு வரி மேல, ஒரு வரி கீழ. தலையை நிமிர்த்தவில்லை. நகத்தை வெட்டிக்கொண்டே சொன்னேன்.

இவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"அன்னைக்குக் காலைல அவருதான் சொன்னாரு. டாக்டர் ரவுண்ட்ஸ்ல நாலாவதுன்னு அவரு பேரத்தான் சொல்லியிருக்காரு. லிஸ்ட் ஒட்டினப்புறம் பாத்தா அஞ்சு. 'டீச்சர் எங்கயோ பேசிருக்காங்க போல வாத்தியாரே. எனக்கும் ஒரு ஆள் இருந்தா பேசிருக்கும்'னு சொன்னாரு. சிரிச்சாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. டிராலி வந்துச்சு. ஏறிப் படுத்தேன்." கொஞ்சம் கழித்து, "'அவர மொதல்ல எடுங்க'ன்னு ஒரு வார்த்த வாயில இருந்துச்சு சௌந்தரி. வெளிய வரல" என்றார். "உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன். நீ உடைஞ்சுபோவியேன்னு."

நானும் அதற்காகத்தான் இவரிடம் சொல்லாமல் இருந்தேன். பதினொரு நாள்.

மற்றக் காலின் நகத்தையும் வெட்டினேன்.

ஜூலை 24, திங்கள்

பவுலினுக்குப் போன் செய்தேன். யாரிடம் சொல்லி மாற்றினேன் என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. சொல்லி முடித்ததும் கட் செய்துவிட்டார்.

ஜூலை 25, செவ்வாய்

இரண்டு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 27, வியாழன்

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பவுலின் கூப்பிட்டார். ஸ்டாஃப் ரூமிலிருந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

திட்டினார். "ரத்தத்தக் குடுத்துட்டு உசுர எடுத்துக்கிட்டியே" என்றார். "படிச்சவதான நீ?" என்றார். "நான் கையப் புடிச்சப்பவே சொல்லிருக்கலாமே, அந்தக் கையப் புடிச்சு அழுதேனே" என்றார். எல்லாவற்றுக்கும் ஆமா என்றேன். பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. நான் வைத்துவிடவில்லை. அவரும் வைக்கவில்லை.

"அன்னைக்கும் பட்டினியாத்தான் கெடந்தானா?"

"வெள்ளிக்கெழம பட்டினி. லிஸ்ட்ல பேரு இருந்துச்சு."

"சனிக்கெழம?"

"சனிக்கெழம இல்ல. காலைல வார்டுல பொங்கல் குடுத்தாங்க. முழுசாச் சாப்பிட்டாரு. இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு சாப்பிட மாட்டேன்னுட்டாரு, அவரு பங்கையும் குடுத்தேன். சாம்பார் வேணாம், சீனி போடுங்கன்னாரு."

"பொங்கலுக்குச் சீனிதான் போட்டுக்குவான். சின்னதுலருந்து."

"டம்ளர்ல இருந்த சீனிய அப்படியே கொட்டிக்கிட்டாரு."

அழுதார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாணவர்கள் என்னைச் சுற்றி இறங்கிப் போனார்கள்.

"அப்ப பசியோட போகல" என்றார்.

"இல்லம்மா. பசியோட போகல."

"சரி" என்று வைத்துவிட்டார்.